சிலிண்டர் அக்காவின் விசில்

டம்ளரை மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத்தான் வீசினான். நடந்தது போன வாரம். சுவரில் பட்ட எவர்சில்வர் டம்ளர் அங்கேயே விழுந்து தொலையாமல் திரும்பிப் பறந்து வந்து அவன் பெண்டாட்டி சின்னவளின் புருவத்தைப் பிளந்துவிட்டது. "வேணும்னா செஞ்சான்? பாவம்" என்று அவனுக்காகப் பரிந்து பேச அக்கம்பக்கத்தில் நாலு பேர் கிளம்பிவிட்டார்கள். பேசட்டும். வீசிய கை அவனுடையதுதானே!

இத்தனை ரகளைக்கும் காரணம் ஒரு விசில்.

அது சின்னவளின் அக்கா பெரியவளின் கழுத்தில் தொங்குகிறது. தீயணைப்பு நிலையத்தில் அவளுக்குப் பெயர் சிலிண்டர் அக்கா. வீரர்கள் முதுகில் கட்டிக்கொண்டு புகைக்குள் போகும் சிலிண்டர்களில் காற்று நிரப்புவதும், மாஸ்க்குகளைக் கழுவித் துடைத்துச் சரிபார்ப்பதும் அவள் வேலை. தோளில் ஒரு பட்டை கிடையாது. சல்யூட் கிடையாது. ஆனால் போன வருஷம் பட்டை வைத்த இரண்டு பேர் புகைக்குள்ளேயே காற்று தீர்ந்து செத்துப்போனபோது, "உள்ள போனவங்க காத்தை வெளியில யாரு கணக்கு வெச்சிருந்தீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள் அவள் ஒருத்திதான். கடைசியில் அந்தக் கணக்கை அவள் தலையிலேயே கட்டினார்கள். கூடவே ஓர் உத்தரவும் போட்டார்கள். சிலிண்டர் அக்கா விசில் ஊதினால், உள்ளே இருப்பவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும்.

அந்த எப்பேர்ப்பட்ட ஆள், அவளுடைய தங்கை புருஷன். வீட்டில் மாப்பிள்ளை, ஸ்டேஷனில் லீடர்.

"மாஸ்க் கழுவுறவங்க ஊதினா நான் ஓடி வரணுமா?" என்று அவன் கேட்டதும், "உயிர் வேணும்னா வாங்க" என்று இவள் சொன்னதும், டம்ளர் பறந்ததும் ஒரே மூச்சில் நடந்தவை.

அன்றிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அவர்கள் கீழே, இவள் மாடியில், நடுவில் ஒரே ஒரு படிக்கட்டு. அவன் ஏறும் சத்தம் கேட்டால் இவள் கதவைச் சாத்துவாள். ஸ்டேஷனில் இவள் சிலிண்டர் அறையில் இருந்தால் அவன் அந்தப் பக்கமே வரமாட்டான்.

இன்று காலையில் கன்ட்ரோல் ரூம் வாசலில் சின்னவள் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். அவசர அழைப்புகளை எடுப்பதும் வயர்லெஸ்ஸில் வண்டிகளோடு பேசுவதும் அவள் வேலை. புருவத்தின் மேல் பிளாஸ்திரி இன்னும் இருந்தது.

"அவரோட பேசுக்கா."

"பேச என்ன இருக்கு?"

"தையல் போட்டது எனக்கு. நானே பேசிட்டேன். உனக்கென்ன?"

"உனக்குத் தையல் போட்டதாலதான்டி எனக்கு ஆறல."

"ரெண்டு பேரும் உர்ருன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒரே வண்டியில போறீங்க. பாக்கறவங்க சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். பல்லுக்கு நல்லது."

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே ஃபோன் அடித்தது. ஓடினாள். ஓடிய வேகத்திலேயே அவள் குரல் ஸ்டேஷன் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. மெத்தை செய்யும் கம்பெனியின் கிடங்கு. உள்ளே பஞ்சும் ஃபோமும் பசை டிரம்களும். எரிகிறது.

*

ஃபோம் எரிந்து பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டாம். புகை மேலே போகாது. கறுப்பாகக் கொழகொழவென்று வாசல் வழியாகத் தெருவில் இறங்கி வரும். ரெண்டு இழுப்பு இழுத்தால் போதும், ஆள் காலி.

வண்டி நின்றபோது கிடங்கின் முன்வாசல் அப்படித்தான் கக்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவன் ஓடி வந்தான். மெத்தை தைக்கிறவன், கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கியது.

"என் தம்பி உள்ள இருக்கான்! பசை ரூம்ல! என் தம்பி சார்!"

லீடர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதற்காக அவனைக் குறை சொல்ல முடியாது. தைரியத்தில் அவனை அடித்துக்கொள்ள அந்த ஊரில் ஆள் கிடையாது. "நெட்டையா, குட்டையா, என் பின்னால" என்றான். ஆஜானுபாகுவாக இருப்பவனுக்கு நெட்டையன் என்றும், அவன் தோளுக்கு எட்டாதவனுக்குக் குட்டையன் என்றும் பெயர் வைக்க ஸ்டேஷனில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

பெரியவள் வண்டியின் பின்பக்கம் போர்டோடு நின்றாள். முறை இதுதான். உள்ளே போகிறவன் தன் கருவியில் கோத்திருக்கும் டோக்கனைக் கழற்றி அவளிடம் கொடுப்பான். அவள் அவன் சிலிண்டரின் மீட்டரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எவ்வளவு காற்று என்று போர்டில் எழுதி, டோக்கனை மாட்டுவாள். வெளியே வந்தால்தான் டோக்கன் திரும்பக் கிடைக்கும். ஆணியில் டோக்கன் தொங்குகிறது என்றால் ஒரு மனிதன் உள்ளே இருக்கிறான்.

நெட்டையன் கொடுத்தான். பார்த்தாள், எழுதினாள். குட்டையன் கொடுத்தான். பார்த்தாள், எழுதினாள்.

மூன்றாவதாக ஒரு கை டோக்கனை நீட்டியது. முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. "ஃபுல்" என்று மட்டும் சொன்னது அந்த முகம். பெரியவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டி வாங்கினாள். 'ஃபுல்' என்று எழுதினாள்.

மூவரும் குழாயை இழுத்துக்கொண்டு கறுப்புக்குள் போய் மறைந்தார்கள்.

*

முதல் பசை டிரம் வெடித்தபோது கூரைத் தகடு ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து எதிர்வீட்டு மொட்டைமாடியில் விழுந்தது. ஜனங்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். இரண்டாவது டிரம்முக்கு முன்வாசல் நிலையே ஆடியது. ஜன்னல் கண்ணாடிகள் தெருவுக்குப் பாய்ந்தன. முன்னால் நின்ற ஒரு பெண்ணின் கன்னத்தில் ஒரு சில் ஏறி, அவள் கை விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது.

பெரியவள் அடுத்த குழுவுக்கு சிலிண்டர் எடுக்க வண்டியின் மேல்தட்டைத் திறந்தாள். நிரப்பிய சிலிண்டர்களுக்கு மஞ்சள் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு மேல்தட்டில் அடுக்குவது அவள் வழக்கம். காலைப் பயிற்சியில் பாதி தீர்ந்தவை, கோடு இல்லாமல், வண்டியின் மறுபக்கத்துக் கீழ்த்தட்டில் கிடக்கும்.

லீடருக்கென்று அவள் வைத்திருந்த சிலிண்டர் மஞ்சள் கோட்டோடு அப்படியே இருந்தது.

வண்டியைச் சுற்றி ஓடினாள். கீழ்த்தட்டில் ஓர் இடம் காலி.

மேல்தட்டுப் பக்கம் இவள் நிற்கிறாளே என்று அந்தப் பக்கமாகப் போய்க் கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவன் முதுகில் இருப்பது பாதிக் காற்று. அதிலும் தீயோடு மல்லுக்கட்டுகிறவன் மூச்சுக்கு அது சீக்கிரம் தீரும்.

வாக்கி-டாக்கியைப் பிடுங்கினாள். "லீடர்! உங்க முதுகுல இருக்கறது பயிற்சி சிலிண்டர். ஃபுல் இல்ல. மூணு பேரும் உடனே வெளிய வாங்க!"

கரகரப்பு மட்டும்தான் வந்தது.

விசிலை வாயில் வைத்து, நெஞ்சு வலிக்க ஊதினாள். நீளமாக மூன்று தடவை. இந்த உத்தரவு வந்த பிறகு நிஜத் தீயில் அவள் ஊதுவது இதுதான் முதல் முறை. இன்று இதற்கு யாரும் வெளியே வராவிட்டால், இனி எந்தக் காலத்திலும் வரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

வாசல் புகையிலிருந்து குட்டையன் தவழ்ந்து வந்தான். அவன் பின்னால் நெட்டையன். மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு இருமினான். "வாங்கன்னு இழுத்தேன் அக்கா. கையைத் தட்டி விட்டுட்டாரு. பசை ரூம் கதவை உடைச்சுட்டு இருக்காரு."

அப்போதுதான் வாக்கி-டாக்கியில் அவன் குரல் வந்தது. கோடரி விழும் சத்தத்துக்கு நடுவே, தெளிவாக.

"ஒரு ஏணி ஏறத் தெரியாதவ ஊதினா நான் வரமாட்டேன். உள்ள ஒரு உயிர் இருக்கு. ஊதறத நிறுத்து."

"மாப்ள! காத்து தீந்துடும் மாப்ள!" என்று அவள் கத்தினாள். ஸ்டேஷனில் அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது.

மூன்றாவது டிரம் வெடித்தது.

"நான் போறேன்" என்று நெட்டையன் எழுந்தான்.

"உன் சிலிண்டர்ல எவ்வளவு இருக்குன்னு பாரு."

"அவரு செத்துடுவாரு அக்கா!"

"நீயும் போனா ரெண்டு பேரு சாவீங்க. வேற சிலிண்டர் மாட்டு. அதுவரைக்கும் ஒரு அடி வைக்கக் கூடாது."

அவன் அவளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தான். மலை மாதிரி ஆள். பெரியவள் போர்டைக் கிடையாகப் பிடித்து அவன் நெஞ்சில் மோதினாள். அவன் தடுமாறி உட்கார்ந்தான். அதே நேரம் மெத்தை தைக்கிறவன் அவளைத் தாண்டி வாசலுக்குள் பாய்ந்தான். அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் முழங்கையால் அவள் வாயில் இடித்தான். ஒரு பல் ஆடியது. விடவில்லை. அவன் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தான், முதுகில் குத்தினான், "என் தம்பியக் கொல்றியேடி!" என்று அழுதான். குட்டையன் வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் தரையில் உருட்டினான்.

அவர்கள் உருண்ட அந்த நேரத்தில் முன்வாசல் கூரை அப்படியே உட்கார்ந்தது. தீப்பொறியும் செங்கல்லும் அவர்கள் நின்றிருந்த இடத்தில் கொட்டின. நெட்டையன் உள்ளே போயிருந்தால் இப்போது அதற்குக் கீழே இருந்திருப்பான்.

வாசல் இல்லை. உள்ளே போக வழியே இல்லை.

அப்போது பெரியவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரே சுருதியில், நிறுத்தாமல் ஓர் அலறல். வீரன் இடுப்பில் இருக்கும் கருவி அது. அவன் அசையாமல் கிடந்தால் தானாக அலறும்.

பக்கத்துச் சந்தில் ஓடினாள். சுவரில் காதை வைத்தாள், தோல் பொசுங்கியது. நகர்ந்து நகர்ந்து வைத்துப் பார்த்தாள். சத்தம் எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே நின்று கையைத் தூக்கினாள்.

"தண்ணி வண்டிய ரிவர்ஸ்ல கொண்டாங்க! இங்க, என் கைக்கு ரெண்டு முழம் இந்தப் பக்கம். சுவத்த இடிக்கணும்!"

டிரைவர் வாயைப் பிளந்தான். "வண்டியாலயா? சொன்னது யாருன்னு என்னைக் கேப்பாங்க."

"மாஸ்க் கழுவுறவ சொன்னான்னு சொல்லு. எடு வண்டிய!"

முதல் இடிக்குச் சுவரில் விரிசல் விழுந்தது. இரண்டாவதுக்கு வயிறு தள்ளியது. மூன்றாவது இடிக்கு உள்பக்கமாகச் சரிந்தது. புதுச் சிலிண்டரோடு நெட்டையன் பாய்ந்தான். அவன் டோக்கனை வாங்கி, மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றில் இழுப்பு வந்ததும் எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள்.

லீடர் வெளியே வந்தான். மாஸ்க் உருகி ஒரு பக்கக் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. கைகளில் உறை இல்லை, தோலும் இல்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சுவர் அதன் மேல்தான் விழுந்திருந்தது. இடிக்கச் சொன்னது அவள். மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்போது, பின்தெருக் கூட்டத்திலிருந்து ஓர் இளவட்டம் மெதுவாக வந்து மெத்தை தைக்கிறவனின் தோளைத் தொட்டான். "அண்ணே, நான் அப்பவே கக்கூஸ் ஜன்னல் வழியா எகிறிட்டேன். அந்தப் பக்கமா நின்னு வேடிக்கை பாத்துட்டு இருந்தேன்."

அண்ணன் அவனைக் கட்டிக்கொண்டான். பிறகு அறைந்தான். மறுபடியும் கட்டிக்கொண்டான்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. பெரியவளின் காதில் கட்டு. உதடு வீங்கிப் பேச்சு குழறியது. சின்னவள் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

விசாரணை அதிகாரி வந்தார். விசில் உத்தரவு வந்த நாளிலிருந்தே அது அவருக்குப் பிடிக்காது. அதை அவர் மறைத்ததும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுச் சின்னவள் எதிரில் உட்கார்ந்தார்.

"வயர்லெஸ்ல நீதான் இருந்தே. அங்க பேசினது எல்லாம் உனக்குக் கேட்டிருக்கும். வெளிய வரச் சொன்ன உத்தரவு உன் புருஷனுக்குப் போய்ச் சேந்துச்சா?"

சின்னவள் தலையைத் தூக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லும்மா. கேட்டும் வரலைன்னா அவன் உத்தரவை மீறினவன். வேலை போயிடும். அவன் இருக்கற நிலைமைல அதுக்கப்புறம் என்ன பண்ணுவான்? கேக்கலைன்னா, ஒரு உயிரைக் காப்பாத்தப் போய் விழுந்தவன். என்ன, அப்ப இந்த விசிலால பிரயோசனம் இல்லன்னு ஆயிடும். அதை வாங்கி வெச்சுடுவோம். அவ்வளவுதான். வயர்லெஸ்ல ஒரே இரைச்சல்னு சொன்னாக்கூட யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

சின்னவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"போய்ச் சேந்துச்சு" என்றாள் சின்னவள்.

"நிச்சயமா?"

"பதில் சொன்னாரு சார். ஏணி ஏறத் தெரியாதவ ஊதினா வரமாட்டேன்னு சொன்னாரு. தெளிவாக் கேட்டுச்சு."

அதிகாரியின் பார்வை அவள் புருவத்துப் பிளாஸ்திரியில் நின்றது. "வீட்டுக் கோவத்துல சொல்லலியே?"

"வீட்டுக் கோவத்த வீட்டுல தீத்துக்குவேன் சார்." அவள் குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "அக்கா ஊதினதாலதான் அந்த ரெண்டு பேரும் பொண்டாட்டி புள்ளைங்க மூஞ்சியப் பாக்கறாங்க. நாளைக்கு வேற எவளாவது என்ன மாதிரி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. அவ புருஷனாவது வரட்டும்."

அதிகாரி எழுதிக்கொண்டார். விசில் பிழைத்துவிட்டது. அதற்கு விலையாகத் தன் புருஷனின் வேலையைத் தங்கை கொடுத்துவிட்டாள். இனி பெரியவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அதிகாரி எழுந்துவிட்டார், நாற்காலியை நகர்த்தியும் விட்டார்.

தங்கை உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் இதை விழுங்கிக்கொண்டு உட்கார முடியுமா? நாளை நெட்டையன் டோக்கனை நீட்டும்போது எந்தக் கண்ணோடு அவனைப் பார்ப்பது?

"சார்" என்றாள் பெரியவள். "இன்னொண்ணு இருக்கு. அதையும் எழுதிக்குங்க."

"என்ன?"

"உள்ள போறவங்க மீட்டரை நான் என் கண்ணால பாக்கணும். அதுதான் முறை. அவரு ஃபுல்னு சொன்னாரு. நான் பாக்கல. கேட்டதை எழுதிட்டேன். பாத்திருந்தா அந்த சிலிண்டரோட அவரை விட்டிருக்க மாட்டேன்."

"ஏன் பாக்கல?"

"மூஞ்சியப் பாக்கப் புடிக்காம."

அதிகாரி மெல்ல மறுபடியும் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்தார். அவர் முகத்தில் தெரிந்தது வருத்தமா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை.

தியேட்டர் கதவு திறந்தது. நர்ஸ் தாளோடு வந்தாள். "பேஷன்ட் சம்சாரம் யாரு? காலைக் காப்பாத்த முடியுமான்னு டாக்டர் பாக்கறாரு. முடியலைன்னா எடுக்க வேண்டியிருக்கும். ரெண்டுக்கும் சேத்து ஒரு கையெழுத்து போடுங்க."

சின்னவள் அக்காவின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டாள். நர்ஸோடு உள்ளே போகத் திரும்பியவள் கதவருகே நின்றாள்.

"உன் விசிலுக்காக அவர் வேலையத் தூக்கிக் குடுத்துட்டேன். இப்ப உன் வாயாலயே அந்த விசிலையும் பறிகொடுத்துட்ட. உண்மையத்தானே சொன்ன, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை அவரைத் திரும்பிப் பாத்திருக்கலாமேக்கா."